அம்மா நேரில் வரவேண்டும்

"அம்மா ஒரு இனம், அப்பா ஒரு இனம்னா, அம்மா நேர்ல வந்து 'இவ எங்க இனம்'னு கையெழுத்துப் போடணும் சார். நாளைக்குக் கடைசி நாள்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார் கல்லூரி அதிகாரி.

அப்பா மகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

அம்மாவின் இனத்தாருக்கு ஒதுக்கிய இடத்துக்குத்தான் மகள் மனுச் செய்திருந்தாள்; படிவத்தை நிரப்பியவர் அப்பா. கணினியில் மனுவைத் திறந்து பார்த்தாள். 'தாய்: உயிருடன் உள்ளார்.'

"என்னப்பா இது?"

"மத்ததை அழுத்த விரல் வரலைம்மா."

இப்போது மாற்றினால் பொய் மனு என்று தள்ளிவிடுவார்கள். முகத்தைக் காட்டியும் இடம் கேட்க முடியாது. அப்பா வீட்டார் அவளைப் பார்த்து, "மூக்கு நம்மளது இல்ல" என்பார்கள். அம்மா வீட்டாரோ, "மூக்கைத் தவிர எதுவும் நம்மளது இல்ல" என்பார்கள்.

"மூக்குக்கு மட்டும் சீட்டு தருவாங்களாப்பா?"

அப்பா அம்மாவின் தங்கையை வரவழைத்தார்.

"நான் அக்காவா நடிக்கணுமா? ஜெயிலுக்குப் போனா நீங்க முன்னாடி போங்க அத்தான்" என்றாள் சித்தி. ஆனாலும், "அவ மூக்குக் கண்ணாடியை எடுங்க" என்றாள்.

ஒரு வருடமாக யாரும் தொடாத இழுப்பறை. கண்ணாடியில் மட்டும் தூசி இல்லை. அப்போதுதான் துடைத்து வைத்ததுபோல் பளபளத்தது.

"நீ துடைச்சியா?"

"நீங்கன்னு நெனச்சேன்."

சித்தி கண்ணாடியை எடுத்து மாட்டிப் பார்த்தாள்.

மறுநாள் கல்லூரி அலுவலகம். அக்காவின் கண்ணாடி வழியே சித்திக்கு எல்லாம் கலங்கித் தெரிந்தது. உள்ளே நுழைந்ததும் பீரோவைப் பார்த்து, "வணக்கம் சார்" என்றாள். அதிகாரி இந்தப் பக்கம் இருந்து செருமினார். அவள் பதறிப்போய் அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உடனே துள்ளி எழுந்தாள்.

"அத்தான், யாரோ இப்பதான் எழுந்து போன மாதிரி சுடுது!"

மூலையில் கோப்பு அடுக்கிக்கொண்டிருந்த பியூனைத் தவிர அங்கே வேறு யாருமே இல்லை. காற்றில் லேசான கிராம்பு வாசனை. அம்மாவின் கன்னத்தில் எப்போதும் ஒரு கிராம்பு அடங்கியிருக்கும். அப்பா மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

அதிகாரி சித்தியை ஏற இறங்கப் பார்த்தார். மகளிடம் திரும்பி, "இவங்க யாரும்மா?" என்றார்.

'அம்மா' என்று சொன்னால் போதும், இடம் கிடைத்துவிடும். மகளின் உதடு ஒருமுறை ஒட்டிப் பிரிந்தது.

"சித்தி. எங்கம்மா செத்துட்டாங்க சார்."

அப்பா கண்களை மூடிக்கொண்டார். அதிகாரி மனுவைக் கிழிக்கக் கையை நீட்டினார். பியூன் பதறி ஓடிவந்தார்.

"கிழிக்காதீங்க சார்! என்ன பாப்பா, விளையாடறியா? நீங்க டீ குடிக்கப் போனப்பவே இவங்கம்மா வந்து கையெழுத்துப் போட்டுட்டாங்க சார். 'பாதி உங்க இனமாம்மா?'ன்னேன். 'முழுசும் எம் பொண்ணு'ன்னாங்க. 'பின்னாடியே என் தங்கச்சி என் கண்ணாடியை மாட்டிட்டு வருவா, அதுல அவளுக்குக் கண்ணு தெரியாது, படியில பாத்து இறக்கிவிடுங்க'ன்னும் சொல்லிட்டுப் போனாங்க."