விலாசம் சொல்லி ஜெபித்தவர்

திண்டுக்கல்லில் ஆண்டவருக்கே வழி சொல்லிக் கொடுத்த மனிதர் ஒருவர்தான். அவர் தபால்காரர். எங்கள் சபையில் யாரும் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை; எல்லோருக்கும் அவர் ‘விலாசம்’.

ஐம்பதுகளின் கடைசி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வீடு ஜெபக்கூட்டம் நடக்கும். முழங்கால் போட்டபடியே ஒரு மணி நேரம். இன்றைக்கு என் முழங்கால் படுத்துகிற பாட்டுக்கெல்லாம் அதுதான் காரணம். அந்த ஒரு மணியில் பாதி என்னுடையது என்பதால் யாரையும் குறை சொல்லவும் வழியில்லை. நான் பள்ளிக்கூட வாத்தியார். ‘மகா பரிசுத்தமும் மாட்சிமையும் பொருந்திய’ என்று தொடங்கினால், வாக்கியம் முடிவதற்குள் இரண்டு பேர் தூங்கியிருப்பார்கள். பக்தியில் உருகுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நான் முடித்ததும் விலாசம் தொண்டையைச் செருமுவார்.

“ஆண்டவரே, நாகல்நகர், மூணாவது சந்து, முருங்க மரம் நிக்கிற வீடு. அந்தம்மாவுக்கு இடுப்பு வலி. செத்த நேரம் எட்டிப் பாருங்க. நாய் கடிக்கும், பாத்துப் போங்க. ஆமென்.”

கூட்டம் சிரிப்பை அடக்கப் படாதபாடு படும். எனக்கு மட்டும் எரிச்சல். நம் தலைமயிரை எல்லாம் எண்ணி வைத்திருப்பதாக வேதம் சொல்கிற ஆண்டவருக்குக் கதவு நம்பர் தெரியாதா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“அவருக்குத் தெரியும் சார். எனக்குத் தெரியணும்ல? வீட்டப் பாக்காம யாருக்குன்னு கேக்குறது?”

அது வெறும் பேச்சில்லை. நேரில் போய்ப் பார்க்காத ஆளுக்காக அவர் வாய் திறக்கமாட்டார். சின்னாளப்பட்டியில் யாருக்கோ சுகமில்லை என்றால் சைக்கிளை மிதித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் ஜெபிப்பார். ஒரு கிறிஸ்துமஸுக்கு உலக சமாதானத்துக்காக ஜெபிக்கும்படி போதகர் அவரிடம் சொல்லிவிட்டார். விலாசம் எழுந்து நின்று வெகுநேரம் யோசித்தார். அந்தப் பக்கமெல்லாம் தான் போனதில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வருஷம் என் மனைவிக்கு டைபாய்டு. ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலில், நான் கட்டிலுக்குக் கீழே பாயில். இரண்டு வாரத்தில் தூக்கம் போய், பசி போய், கடைசியில் ஜெபமும் போய்விட்டது. ‘மகா பரிசுத்தமும்’ என்று தொடங்குவேன்; அதற்கு மேல் ஓடாது. இவள் போய்விட்டால் என்ன செய்வேன் என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. அதை ஜெபமாக்க எனக்குத் தெரியவில்லை.

சபையார் அவரவர் வீட்டிலிருந்தே ஜெபிப்பதாகச் சொல்லியனுப்பினார்கள். விலாசம் மட்டும் ஒரு மத்தியானம் காக்கிச் சட்டை வியர்வையில் நனைய வந்து நின்றார். வார்டைப் பார்த்தார், ஜன்னல்களை எண்ணினார், குனிந்து கட்டிலுக்கடியில் என்னையும் பார்த்தார். அப்படியே தரையில் முழங்கால் போட்டார்.

“ஆண்டவரே, பெரியாஸ்பத்திரி, காச்சல் வார்டு, ரெண்டாவது ஜன்னல். அந்தப் புள்ளைக்குக் காச்சல் எறங்கணும். அதே கட்டிலுக்குக் கீழ எங்க வாத்தியார் படுத்திருக்காரு. குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும். ரொம்ப ஓஞ்சு போயிட்டாரு. அவரயும் விட்றாதீங்க.”

‘ஆமென்’ சொல்ல வேண்டிய இடத்தில் அழுதேன். பிறகு அசந்து தூங்கினேன். நாலு நாள் கழித்துக் காய்ச்சல் இறங்கியது.

வீடு திரும்பியபின் வந்த வெள்ளிக்கிழமை, என் முறை வந்தது. “ஆண்டவரே, எங்க தபால்காரர்...” என்று தொடங்கினேன். அதற்கு மேல் என்ன சொல்வது? இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை.

ஜெபத்தை அப்படியே நிறுத்திக்கொண்டேன். மறுநாள் காலையில் அந்த வீட்டைத் தேடிப் புறப்பட்டேன்.