ஆட்டுக்குட்டி நலமாக உள்ளது

வாய்க்கால் வெள்ளத்தில் விழுந்த ஆட்டுக்குட்டி வாயைப் பிளந்தபடி அப்படியே நின்றுவிட்டது. குரல் மட்டும் "ம்மே... ம்மே... ம்மே..." என்று விடாமல் வந்துகொண்டிருந்தது. சிதம்பரத்தில் சபாபதியிடம் கேபிள் இணைப்பு வாங்கியிருந்த எண்ணூறு வீடுகளிலும் அந்த நேரத்தில் அதே வாய், அதே ம்மே.

"அண்ணே, சிடி மாட்டிக்கிச்சி," என்றான் பழனிவேல். கம்பத்தில் ஏறி ஒயர் இழுப்பதிலிருந்து கம்ப்யூட்டரில் படம் போடுவது வரை சபாபதிக்கு எல்லாமே அவன்தான்.

"கண்ணு தெரியுதுய்யா எனக்கு. எடுத்துத் தொடச்சிப் போடு, சீக்கிரம்!"

பழனிவேல் சிடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். முதுகெல்லாம் கோடு கோடாய்க் கீறல்.

"சாவிக்கொத்தோட பையில போட்டு எடுத்தாந்தியா?"

"நானா? நேத்துலேருந்து ஒங்க வீட்டு டிவி மேலதானண்ணே கெடந்துது!"

சபாபதி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தார். சும்மா இல்லை. அன்று உலக ஊனமுற்றோர் தினம், 2006-ஆம் வருஷம் டிசம்பர் மூன்று, ஞாயிற்றுக்கிழமை. கடலூரில் ஒரு தொண்டு நிறுவனம் முக்கால் மணி நேரப் பொம்மைப் படம் ஒன்று எடுத்து, சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களுக்கும் கேபிள்காரர்களுக்கும் இலவசமாகக் கொடுத்திருந்தது. பொட்டு என்று ஒரு வெள்ளாட்டுக்குட்டி. அதற்குப் பின்னங்கால் ஒன்று சூம்பிப் போனது. மற்ற குட்டிகள் எல்லாம் "முக்காலி, முக்காலி" என்று கூப்பிட்டு அதை முட்டும், தள்ளும். கடைசியில் ஒருநாள் வாய்க்காலிலேயே தள்ளிவிடும். அங்கேதான் சிடி நின்றது.

சபாபதியின் ஒரே மகள் அனுப்பிரியாவுக்கும் இடது காலில் போலியோ. ஐந்தாவது படிக்கிறாள். இரும்புப் பட்டை வைத்த ஷூ போட்டுக்கொண்டு டக் டக்கென்று நடப்பாள். தெருப் பிள்ளைகள் அவளுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தன. அந்தப் பிள்ளைகளும், அதுகளைப் பெற்றதுகளும் இந்தப் படத்தை உட்கார்ந்து பார்த்து நன்றாக உறைக்கட்டும் என்றுதான் சபாபதி மூன்று நாளாய் விளம்பரம் ஓட்டியிருந்தார். ஊரோடு சேர்ந்து பார்க்க வேண்டுமென்று தான்கூட முன்னால் பார்க்கவில்லை. இப்போது என்னடாவென்றால் மகள் இந்த மாடி ஆபீஸுக்குக் கீழே, வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், டிவியில் கால் சூம்பிய குட்டி தண்ணீரில் தத்தளித்துக்கொண்டு நிற்கிறது. பெற்ற வயிறு பதறாதா?

"பல்லு வௌக்குற பேஸ்ட்டத் தேச்சா கீறல் போயிடும்ணே. எம் மச்சான் அப்பிடித்தான் செய்வான்," என்றான் பழனிவேல்.

தேய்த்தார்கள். கீறல் போகவில்லை. ஆனால் சிடி ஓடியது. எப்படி ஓடியது? குட்டியை வாய்க்காலில் தள்ளும் இடம் வரை ஓடி, பின்னால் குதித்து, மறுபடியும் தள்ளும் இடத்துக்கு வந்தது. சபாபதி பாய்ந்து நிறுத்துவதற்குள் ஊரறிய அந்தக் குட்டியை நாலு தடவை தள்ளிவிட்டாயிற்று.

டெலிபோன் அலறத் தொடங்கியது.

"யோவ் சபாபதி! வூட்டுல கறிக்கொழம்பு கொதிக்குது. புள்ள கிட்டவே வர மாட்டேங்குது. 'பொட்டுவக் கொன்னுட்டியா'ன்னு என்னயப் பாத்துக் கேக்குது. நான் என்னாய்யா பதில் சொல்றது?"

இப்படி ஒன்று இல்லை, பத்து. ஞாயிற்றுக்கிழமை பாருங்கள், எந்த வீட்டில்தான் ஆட்டுக்கறி இல்லை? ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஒன்றுபோலத் தட்டைத் தள்ளிவிட்டு அழுதுகொண்டிருந்தன.

டக் டக்கென்று படியேறி அனுப்பிரியா மாடி ஆபீஸுக்கு வந்தாள்.

"அப்பா, அந்தப் படம் இனிமே ஓடவே ஓடாதாப்பா?"

சபாபதி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழனிவேல்தான் சொன்னான்: "பேஸ்ட்டும் போட்டுப் பாத்தாச்சி. ஓடாது பாப்பா."

"சரி," என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

"பாத்தியாய்யா? ஒரு வார்த்த பேசல. எல்லாத்தையும் உள்ளுக்குள்ள போட்டு அமுக்கிக்கிறா." சபாபதி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கீழேயிருந்து அவர் மனைவி கொளஞ்சி குரல் கொடுத்தாள்: "ஏங்க, ஒங்க பொண்ணு ரெண்டாந்தரம் சோறு போட்டுக்கினா! நல்லெலும்பா பாத்துக் கேக்குறா!"

"துக்கம் ஜாஸ்தியானா சில பேருக்கு அப்பிடித்தான் பசிக்கும்!" என்று இவர் பதில் குரல் கொடுத்தார்.

முதலில் ஊரைச் சமாதானப்படுத்த வேண்டும். டிவியில் அடியில் ஓடும் எழுத்தில் ஒரு செய்தி போடச் சொன்னார். பழனிவேல் யோசித்து யோசித்துத் தட்டினான். 'ஆட்டுக்குட்டி நலமாக உள்ளது. பொதுமக்கள் யாரும் கவலைப்பட வேண்டாம்.'

ஐந்து நிமிஷம் ஊர் அமைதியாக இருந்தது. பிறகு வந்த போன்கள் முன்னைவிட மோசம்.

"ஏம்பா, முடிஞ்சிபோச்சா?"

"எது?"

"ஆட்டுக்குட்டிதான். யாராவது போய்ச் சேந்துட்டாத்தான டிவியில நலமா இருக்காங்க, கவலப்படாதீங்கன்னு போடுவாங்க? எங்களுக்குத் தெரியாதா? எப்ப ஆச்சி, சொல்லு."

நம் சனங்களிடம் போய் நலம் என்று சொல்லலாமா? கால் மணி நேரத்தில் சிதம்பரம் முழுக்கக் குட்டி செத்துவிட்டது என்று முடிவாகிவிட்டது. பக்கத்துத் தெருவில் பிள்ளைகள் சுவரில் கரியால் ஆடு வரைந்து, செம்பருத்தி மாலை போட்டு, ஊதுவத்தி கொளுத்திவிட்டன.

"நானே நேர்ல பேசுறேன். கேமராவ வையி," என்றார் சபாபதி.

திருவிழாவும் பிறந்தநாள் வாழ்த்தும் காட்டுவதற்கு வைத்திருந்த கேமரா அது. அதன் முன்னால் தலைசீவி, பவுடர் போட்டு உட்கார்ந்தார். மனசுக்குள் ஒரு முடிவை ஜோடித்து வைத்திருந்தார்: குட்டி நீந்திக் கரையேறுகிறது, மற்ற குட்டிகள் மன்னிப்புக் கேட்கின்றன, சுபம். "அன்பான நேயர்களே, அந்தக் குட்டிக்கு ஒண்ணும் ஆவல..." என்று தொடங்கியவருக்கு, 'அந்தக் குட்டி' என்றதும் கீழே இருக்கும் தன் குட்டி ஞாபகம் வந்துவிட்டது. உதடு கோணியது. "அதுக்கு... அதுக்கு ஒரு கால்தான்யா கொறச்சல்... வேற என்னாய்யா கொறச்சல் அதுக்கு?" என்று கேட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

நேரலை. எண்ணூறு வீடு.

"போச்சிண்ணே," என்று கேமராவை அணைத்தான் பழனிவேல். "கொஞ்சநஞ்சம் நம்பாதவனும் இப்ப நம்பிட்டிருப்பான்."

கடைத்தெருவில் கறிக்கடை வைத்திருக்கும் தங்கராசு கோபமாய் மாடியேறி வந்தார். "சபாபதி, எட்டுக் கிலோ கறி அப்பிடியே தொங்குது. வாங்கிம்போனவனும் திருப்பிக் கொண்டாறான். புள்ள அழுவுதாம்! ஒம் படத்தால எம் பொழப்புல மண்ணு."

பழனிவேல் கண்ணில் ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தைக் கண்டபோதே சபாபதி உஷாராகியிருக்க வேண்டும்.

"அண்ணே, கடையில உசுரோட குட்டி இருக்குதா? ஒண்ணக் குடுங்க. கேமரா முன்னால நிறுத்தி, இதான் பொட்டு, பொழச்சி வந்துடுச்சின்னு காட்டிடுவோம். ஊரும் அடங்கும், ஒங்க யாவாரமும் நடக்கும்."

குட்டி வந்தது. கேமரா முன் நின்றது. சபாபதி சிரித்துக்கொண்டே அதன் தலையைத் தடவிக் கொடுத்தார். அதற்குள் போன். ஒரு பொடிசின் குரல்.

"பொட்டு வெள்ளையா இருக்கும். இது கருப்பு. இதுக்கு நாலு காலும் நல்லா இருக்குது. பொய் ஆடு!"

சபாபதி பதில் தேடுவதற்குள் குட்டி மேசைமேல் தாவிக் குதித்து ஒயரைக் கடித்தது. "ஏய், கரண்டு அடிச்சி செத்துடப் போவுது!" என்று தங்கராசு பாய்ந்து வந்து அதன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கறிக்கடைக்காரர் ரத்தக்கறை லுங்கியோடு பொட்டுவைத் தரதரவென்று இழுத்துப் போவதை ஊரே நேரலையில் பார்த்தது.

அதற்குமேல் டெலிபோன் ரிசீவரை எடுத்துத் தனியே வைத்துவிட்டார்கள்.

சபாபதி தலையைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டுக்கு இறங்கினார். அனுப்பிரியா எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பவானி, அவள் கிளாஸ்மேட், எதிரே உட்கார்ந்து அப்பளம் தின்றுகொண்டிருந்தாள்.

"பாப்பா, கவலப்படாத," என்றார் சபாபதி. "கடலூருல அந்த ஆபீஸ்ல ராபர்ட்டுன்னு ஒரு சார் இருக்காரு. அவுருகிட்ட வேற சிடி இருக்குதாம். பேசிட்டேன். அப்பா போயி எடுத்தாந்து, சாயங்காலம் முழுசாப் போடுறேன்."

எலும்பு தட்டில் விழுந்தது. அனுப்பிரியாவின் முகம் சுண்டிப்போயிற்று.

"வேணாம்பா. அவ்ளோ தூரம் எதுக்குப்பா? அந்த ஆடு எக்கேடு கெட்டா நமக்கென்னா?"

"பாத்தியாடி கொளஞ்சி? அப்பன் அலையக் கூடாதுன்னு மனசக் கல்லாக்கிக்கிறா."

"நெசமாவே வேணாம்பா. போவாதப்பா," என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

கொளஞ்சி மகளையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். "புள்ளதான் வேணாங்குதே, வுடுங்களேன். நீங்க எதையாவது சரி பண்றேன்னு கெளம்புனாலே எனக்குப் பயமா இருக்குது. மறந்துட்டீங்களா?"

மறக்கக்கூடியதா அது? ஏழு வருஷம், பதினோரு வைத்தியர். எண்ணெய் தேய்த்தார்கள், பச்சிலை வைத்து மூங்கில் பட்டை கட்டினார்கள், கடற்கரை மணலில் இடுப்புவரை புதைத்து உச்சிவெயிலில் நிறுத்தினார்கள். புள்ளை கத்திய கத்தலில் கொளஞ்சிக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. பாண்டிச்சேரியில் பெரிய டாக்டர், "இந்த ஷூ போதும், புள்ளையைப் படிக்க வையுங்க, இம்சை பண்ணாதீங்க" என்று ஒரே போடாய்ப் போட்ட பிறகுதான் சபாபதி நிறுத்தினார். இரண்டு வருஷமாக வீட்டில் எண்ணெய் வாடை இல்லை.

"இது வைத்தியம் இல்லடி, சினிமா," என்று சட்டையை விடுவித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

பஸ்ஸில் புதுக் கவலை பிடித்துக்கொண்டது. படத்தில் குட்டி நிஜமாகவே செத்துப்போயிருந்தால்? அதை மகள் எப்படித் தாங்குவாள்? கடலூரில் ராபர்ட்டைக் கண்டதும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"சார், குட்டி உசுரோட இருக்குதா?"

"என்னா சார், நீங்களே பாக்கலியா?" ராபர்ட் சிரித்தார். "சூப்பரா முடியும் சார். ஸ்பான்சர் குடுத்தவரு சோகமா முடிக்கவே கூடாதுன்னுட்டாரு."

சபாபதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிடியைக் கைக்குட்டையில் சுற்றி, மடியில் வைத்து, சிதம்பரம் வரைக்கும் அதன்மேல் தும்மக்கூட இல்லை.

சாயங்காலம் ஐந்தரைக்குப் பழனிவேல் மாடியில் படத்தைப் போட்டான். சபாபதி கீழே மகளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அவள் விரலெல்லாம் சில்லிட்டுக் கிடந்தது. "பயப்படாத பாப்பா, நல்ல முடிவுதான்," என்று காதில் சொன்னார். அவள் இன்னும் குறுகி உட்கார்ந்தாள். பவானி வாசற்படியில் நின்று பார்த்தாள்.

குட்டி வாய்க்காலில் விழுந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. அடித்துக்கொண்டு போய் ஒரு மலையடிவாரத்தில் கரை ஒதுங்கியது. தாடி வைத்த கிழட்டு ஆடு ஒன்று வந்து, ஏதோ மூலிகையை மென்று அதன் காலில் தடவியது. பளிச்சென்று ஒரு ஒளி! சூம்பிய கால் நிமிர்ந்தது. குட்டி ஒரு துள்ளு துள்ளி நாலுகால் பாய்ச்சலில் மந்தைக்கு ஓடியது. கேலி செய்த குட்டிகள் எல்லாம் கூடி ஆடின. சுபம்.

தெருவில் யாரோ சரம் வெடித்தார்கள். வீட்டுக்கு வீடு பிள்ளைகள் கைதட்டுவது கேட்டது. தங்கராசு கடையில் மறுபடியும் கத்தி சத்தம்.

சபாபதிக்குக் கண்ணீர் தாரை தாரையாய் ஓடியது. ஆனந்தக் கண்ணீர். நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"கொளஞ்சி! பாத்தியா? மனசுல நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்கணும்டி! பழனிவேலு, எறங்கி வாய்யா! கம்மாபுரத்துப் பக்கம் யாரோ மூலிக வைக்கிறாருன்னு சொன்னியே, அவுரு ஞாயித்துக்கெழமையில பாப்பாரா?"

அனுப்பிரியா எழுந்தாள். டக் டக்கென்று உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

"என்னாச்சி இவளுக்கு? நல்லபடியாத்தான முடிஞ்சிது?" என்று சபாபதி திகைத்து நின்றார்.

வாசற்படியிலிருந்து பவானி சொன்னாள்: "வெள்ளிக்கெழமையே இந்தப் படத்த எங்க ஸ்கூல்ல போட்டுட்டாங்க மாமா. கடைசியில கால் சரியாவுறத நீங்க பாத்தா மறுபடியும் வைத்தியர் வைத்தியரா இழுத்துக்கினு போவீங்கன்னுதான், நேத்து அனு உக்காந்து அந்த சிடிய காம்பஸால கீறி வச்சா."