ஈரக்கைச் சாமி எடுத்த கட்டி

என் செல்லங்களா, சாரல் அடிக்கிறது, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். வயிற்றைக் கிழிக்காமல் கட்டி எடுத்த ஒரு மகானின் கதை சொல்கிறேன்.

குற்றாலத்தில் சீசன். அருவியைவிட ஈரக்கைச் சாமியின் கொட்டகையில்தான் கூட்டம். கீழப்பாவூரிலிருந்து வேன், சிவகிரியிலிருந்து வேன். சாமி வயிற்றில் எண்ணெய் தடவுவார், துண்டைப் போர்த்துவார், அடியில் கையை விடுவார். ரத்தம் சொட்ட ஒரு கட்டி வெளியே வரும். கீறல்கூட இருக்காது. அதைத் திரும்பிப் பார்க்காமல் அருவியில் விட்டுவிட வேண்டும். பார்த்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளுமாம். தடயத்தைக் கழுவ எவ்வளவு பக்தி பாருங்கள்!

முத்துவடிவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். தென்காசி டாக்டர் ஜைனப் சதைத் துணுக்கைச் சோதித்துவிட்டுப் பக்குவமாகச் சொன்னார்: இந்த நோய் மேல்தோல் செல்லிலும் பிறக்கும், சுரப்பி செல்லிலும் பிறக்கும், உங்களுடையது சுரப்பி வகை, பெரும்பாலும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஆரம்பத்திலேயே கண்டுவிட்டோம், ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் பிழைக்கிற வாய்ப்பு குறையும்.

கணவர் கணேசமூர்த்தி போலீஸ் ஏட்டு. முழியைப் பார்த்தே திருடனைப் பிடிப்பவர். மனைவியைக் கொட்டகைக்குக் கூட்டி வந்தவரும் அவர்தான். சாமி முன்னால் மட்டும் கும்பிட்ட கை இறங்கவில்லை. அவள் வயிற்றிலிருந்தும் கட்டி வந்ததும், ஆபரேஷன் வேண்டாமென்று சொல்லப் போனை எடுத்துவிட்டார்.

முத்துவடிவு படுத்தபடியே கேட்டாள்.

"சாமி, இது எந்த செல்லுல வந்த கட்டி?"

"எல்லாக் கட்டியும் ஒண்ணுதாம்மா."

"டாக்டரு ரெண்டு வகைன்னு சொன்னாவளே."

"அவியளுக்கு பில்லு போட ரெண்டு வேணும்லா."

கூட்டம் சிரித்தது. அவள் கட்டியைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு, அருவிப் பக்கமே போகாமல் தென்காசிக்கு ஆட்டோ ஏறினாள். ஏட்டையா பின்னாலேயே ஓடினார்.

"ஏட்டி, பாத்துட்டியே, ஒட்டிக்கிடும்!"

"ஒட்டட்டும். ஆளு யாருன்னு தெரிஞ்சிக்கிடுவோம்."

மறுநாள் டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. செல் வகை தெரிந்துவிட்டது: கோழி ஈரல்.

அன்றைக்கே தூக்குவாளி கொட்டகைக்குத் திரும்பி வந்தது. அத்தனை பேர் நடுவில் முத்துவடிவு கேட்டாள்: "ஏன் சாமி, எனக்கு ரெக்கை எப்பம் முளைக்கும்?"

கூட்டம் விழித்தது. துண்டில்லாமல் ஒரு கட்டி எடுத்துக் காட்டச் சொன்னாள். துண்டை விலக்கினால் சக்தி போய்விடும் என்றார் சாமி. ஏட்டையாவுக்கு அப்போதுதான் தொழில் ஞாபகம் வந்தது. சாமி கையிலிருந்த துண்டை உருவினார். சக்தி எங்கும் போகவில்லை. பாலிதீன் பையோடு பொத்தென்று கீழே விழுந்தது. ஈரல், அன்றைக்கு அறுத்தது.

சொன்ன தேதியில் ஆபரேஷன் நடந்தது. முத்துவடிவு இப்போதும் செக்கப்புக்குப் போய் வருகிறாள். வாளி தூக்குகிறவர் ஏட்டையா.

செல்லைப் பார்க்க மைக்ராஸ்கோப் வேண்டும், மக்களே. சாமியைப் பார்க்கத் துண்டைத் தூக்கினால் போதும். அதற்குமா கை வராது?

உங்கள் வீட்டுப் பெண்கள் கூச்சப்படாமல் சோதித்துக்கொண்டு நூறு வயது இருக்கட்டும். உங்கள் வீட்டில் ஈரல் குழம்பில் மட்டும் கிடக்கட்டும்.