ஒரு வரிக்குப் பதினேழு குறிப்புகள்

திருத்தம் பார்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு. கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால், முகூர்த்தம் என்றைக்கு என்று பார்க்காமல், தாய்மாமன் பெயரில் ஒற்று விட்டுப்போனதைப் பார்ப்பவர்கள். இந்த இனத்தின் புதிய கிளை ஒன்று கணினிக்குள் குடியேறியிருக்கிறது. தீர்த்தமலைப் பக்கத்து ரஞ்சித்குமாரை எடுத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஓராண்டு ஆகிறது. வேலை இல்லை; பதவி உண்டு. மாவட்டத்துப் பேருந்து நேரங்களைச் சொல்லும் செயலி ஒன்றைச் சிலர் சம்பளமில்லாமல் செய்து பொதுவில் வைத்திருக்கிறார்கள். அதன் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், யாரும் திருத்தி அனுப்பலாம். ஆனால் வந்த திருத்தத்தை ஒருவர் படித்து ‘சரி’ என்ற பொத்தானை அழுத்தினால்தான் அது செயலியில் சேரும். அந்தப் பொத்தான் ரஞ்சித்குமாரிடம் இருக்கிறது. கலெக்டரிடம்கூட அது இல்லை என்பதை அவன் தினமும் ஒருமுறை நினைத்துக்கொள்வான்.

அரூரில் செல்போன் கடை வைத்திருக்கும் தௌபிக் ஒரு திருத்தம் அனுப்பினார். செயலிக்குத் ‘தருமபுரி’ தெரியும். ‘தர்மபுரி’ என்று அடித்தால் ‘பேருந்து இல்லை’ என்று கையை விரித்துவிடும். இரண்டும் ஒரே ஊர்தான் என்றது அவர் அனுப்பிய வரி. ஒரே ஒரு வரி.

ஒரு வரிதானே, அழுத்திவிட்டுப் போகலாமே என்கிறீர்களா? அப்புறம் பதவி எதற்கு?

‘அருமையான முயற்சி’ என்று தொடங்கினான் ரஞ்சித்குமார். இந்த இனம் அருமை என்று தொடங்கினால் ஆள் தொலைந்தார் என்று பொருள். சமக்குறிக்கு முன்னால் இடைவெளி வேண்டும் என்றான், விட்டார். விளக்கத்தின் முடிவில் முற்றுப்புள்ளி இல்லை என்றான், வைத்தார். இப்போது முற்றுப்புள்ளிக்குப் பின்னால் ஓர் இடைவெளி மிகுந்து நிற்கிறது என்றான். இப்படியே பதினாறு நாள் போனது. பதினேழாவது குறிப்பில்தான் சாரத்துக்கு வந்தான்: ‘தருமபுரி என்பதே சரியான வடிவம். பிழையை நாம் ஊக்குவிக்கலாமா?’

தௌபிக் பொறுக்க மாட்டாமல் போனிலேயே கூப்பிட்டுவிட்டார்.

“தம்பி, கடைக்கு வர்றவங்கல்லாம் பஸ்ஸு இல்லையாமேன்னு என்னைய கேக்கறாங்க. பஸ் போர்டுலயே தர்மபுரின்னுதாம்பா எழுதியிருக்குது.”

“அப்ப போர்டைத்தாங்க பாய் திருத்தணும். அது இதுல சேராது. தனியா எழுதிப் போடுங்க.”

“யாருக்கு? டிரைவருக்கா?”

“அந்த முற்றுப்புள்ளிய மட்டும் இன்னொருக்கா பாத்துருங்க.”

அடுத்த திங்கட்கிழமை, தருமபுரியில் ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தில் ரஞ்சித்குமாருக்குப் பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. எட்டு மாதமாக விண்ணப்பித்ததில் வந்த முதல் அழைப்பு. பாலம் கட்டும் வேலையால் பேருந்து நேரமெல்லாம் மாறிக் கிடந்தது. குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் தலை சீவியபடி மறுகையால் செயலியில் ஊர்ப் பெயரை அடித்தான். ‘பேருந்து இல்லை.’

பாலம் வேலையால் வண்டியையே நிறுத்திவிட்டார்கள் போல என்று உட்கார்ந்துவிட்டான். வாசலிலிருந்து அம்மா முனியம்மாள் குரல் கொடுத்தாள்.

“டேய், ஆரன் சத்தம் கேக்குது. கெளம்பலையா?”

“அது நம்ம பஸ் இல்லம்மா.”

“பின்ன யாரு வூட்டு பஸ்ஸு?”

“இன்னிக்கு பஸ்ஸே இல்ல. ஆப்புல போட்டிருக்குது.”

“கண்ணு முன்னால போவுதுடா. அந்த ஆப்பு உனக்குத்தான் வெச்சிருக்கறாங்க.”

பேருந்துக்குச் செயலி பார்க்கும் பழக்கம் இல்லாததால், அது போய்விட்டது.

ஊர்ப் பால்காரர் வீரமணியின் வண்டியில் தொற்றி அரூர் போய், அங்கே வேறு பேருந்து பிடித்து அவன் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றே கால். தேர்வு நடத்திய நிர்மலாதேவி கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“ஆள் எடுத்தாச்சே தம்பி. ஏன் லேட்டு?”

“பஸ் இல்லைங்க மேடம்.”

“தர்மபுரிக்கா?”

அவர் பஸ்ஸைக் கேட்டார். அவன் காதில் விழுந்தது எழுத்து. வெளியே வந்து போனை எடுத்தான். தேடல் பெட்டியில் அப்படியே இருந்தது: தர்மபுரி. சரியான வடிவம் மூளையில் இருந்திருக்கிறது. விரலுக்கு யாரும் சொல்லவில்லை.

பேருந்து நிலையத்தில் நின்றே கூப்பிட்டான்.

“பாய், உங்க திருத்தத்தைச் சேத்துடறேங்க.”

“என்ன தம்பி, திடீர்னு?”

“சும்மாதாங்க.”

“பஸ்ஸ வுட்டுட்டியா?”

ரஞ்சித்குமார் போனை மறு காதுக்கு மாற்றினான்.

“என்னன்னு அடிச்சே?”

“அது இதுல சேராதுங்க பாய்.”

“சரி, தனியா எழுதிப் போடட்டுமா?”

பொத்தானை அழுத்தினான். அழுத்துமுன், முற்றுப்புள்ளிக்குப் பின்னால் மிகுந்திருந்த இடைவெளியைத் தானே நீக்கினான். ஒரு வேலை போனதற்கெல்லாம் குணம் போய்விடுமா?

அவன் விரல் அடித்தது, அம்மா திட்டியது எல்லாம் எனக்கு எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று கேட்கிறீர்களா? அது இதில் சேராது. நீங்கள் வேறு, பதினேழு குறிப்பு என்று தலைப்புப் போட்டுவிட்டு நான் நான்கைத்தான் காட்டினேன் என்று விரல்விட்டு எண்ணி வைத்திருக்கிறீர்கள். இல்லையா? தாராளமாகத் தனியாக எழுதிப் போடுங்கள். எழுதும்போது வெளியே ஆரன் சத்தம் கேட்டால் மட்டும், முற்றுப்புள்ளி வைக்காமல் எழுந்து ஓடுங்கள்