ஆயிலில் கலந்த ஆறு

பைக்கின் கியர் பெட்டியிலிருந்து வடிந்த ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தது. பெர்மெத் விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள்; தண்ணீர் கலந்திருந்தது. மூன்று ஓட்டை வண்டிகளைப் பிரித்து அவள் கையாலேயே கோத்த மலை பைக் அது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா இந்த இரும்புக் கழுதையை வித்துட்டுக் சவாரிக் குதிரை வாங்கிடுவேன்!" என்றார் கூடாரத்து வாசலில் புளித்த குதிரைப்பாலான குமிஸைக் குடித்துக்கொண்டிருந்த மாமனார். மகன் தலாயைப் பார்த்துத்தான் சொன்னார். பெர்மெத் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். கிர்கிஸ் மலையில் மாமனாரை எதிர்த்து எந்த மருமகள் வாய் திறந்தாள்?

"தண்ணி பம்ப் சீல் போயிருக்குங்க, அதான் ரேடியேட்டர் தண்ணி ஆயில்ல கலக்குது," என்றாள் கணவனிடம். தலாய் லாரி பிடித்து நரின் டவுனுக்குப் போய் சீல் வாங்கி வந்தான். மாட்டினாள், புது ஆயில் ஊற்றினாள், ஓட்டிப் பார்த்தாள். கிண்ணென்று ஓடியது. மத்தியானம் மேட்டுக்குப் போய்க் குதிரைகளைக் கறந்தாள்.

மறுநாள் காலை ஆயில் மூடியைத் திறந்தால் மறுபடியும் பால் டீ!

பெர்மெத் அசரவில்லை. அந்த ஆயிலைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து அடுப்போரம் வைத்தாள். மெல்ல மெல்ல அடியில் தண்ணீர் பிரிந்தது.

"ரேடியேட்டர்ல ஊத்துறது பச்சையா இருக்கும். அதுல ஒரு சொட்டுகூடக் குறையல. இது நிறமில்லாத தண்ணி, அடியில பாருங்க, மாவாட்டம் மணல். ஆத்துத் தண்ணிங்க இது! கொதிக்கிற எஞ்சின் சில்லுன்னு ஆத்துல இறங்கினா கியர் பெட்டியோட மூச்சுக்குழாய் வழியா தண்ணியை உறிஞ்சிடும்."

"அடேங்கப்பா! டாக்டர் கெட்டாரு போ!" என்று தலாய் வாய் பிளந்தான்.

"ஆத்துல இறக்கினது யாரு? நீங்கதானே?"

"ரொட்டி மேல சத்தியமா நான் இல்லடி!"

"அக்கரையில எவ இருக்கா, சொல்லுங்க?"

அன்றைக்குத் தலாயின் சூப்பில் ஒரு துண்டு கறி விழவில்லை.

ஆயிலை மாற்றி, மூச்சுக்குழாயை நீட்டி சீட்டுக்கடியில் கட்டினாள். "இனி முழங்கால் தண்ணியில இறக்கினாலும் ஒண்ணும் ஆகாது," என்று தலாய் காதில் விழும்படி சத்தமாகச் சொன்னாள். மாமனார் இன்னொரு கிண்ணம் குமிஸ் கேட்டார்.

மறுநாள் நிலைமை இன்னும் மோசம். ஆயில் கெட்டி மோராகியிருந்தது, சீட்டுக்கடியில் பாசி வேறு.

"இடுப்பளவு தண்ணியில எந்தப் பைத்தியம் வண்டி ஓட்டும்?" என்று தலாயிடம் பாய்ந்தாள்.

மூன்று முறை கழுவி ஊற்றி மறுபடியும் ஓட வைத்தாள். அப்புறம் சக்கரத்தைச் சங்கிலியால் பூட்டினாள். சாவியைத் தலாயிடம் கொடுப்பாளா? வீட்டில் நம்பத் தகுந்தவர் ஒருவர்தான். குனிந்து, மரியாதையாக மாமனார் முன்னால் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை. பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஆயில் மட்டும் மோர். டப்பாவிலோ கடைசி ஒரு லிட்டர்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையும் ஊற்றிக் கிக்கரை உதைத்தாள். பைக் உறுமியது.

அப்போது அக்கரை மேய்ப்பன் சமத், நனைந்த பைக் ஒன்றைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க வந்தான். அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர், இன்னும் இரண்டு பைக்குகள். மாமனாரின் முகம் கிண்ணத்துக்குள் புகுந்துகொண்டது.

"பெர்மெத் அக்கா நீங்கதானே? நீங்க குதிரை கறக்கப் போற நேரம் பார்த்து உங்க மாமனார் தினம் பைக்கை ஆத்துல ஆழமான இடமாத் தேடி இறக்கி அக்கரைக்கு வந்து, 'எவ்வளவு தண்ணி குடிச்சாலும் காலையில என் மருமக இதை ஓட வெச்சிடுவா, இப்படி ஒருத்தி உங்க எவன் வீட்லயாவது இருக்காளாடா'ன்னு மார்தட்டிட்டுப் போறாரு, எங்க வண்டியையும் கொஞ்சம் பாருங்கக்கா!"