தூக்கம் அண்ணன் பின்னால் உட்கார்ந்தால்

செம்பாக்கம் வட்டாரத்தில் தூங்கித் தூங்கியே பேர் வாங்கிய மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் பைக் மெக்கானிக். சொந்தப் பெயர் என்னவென்று அவரிடம் வண்டி விடும் யாருக்கும் தெரியாது. 'தூக்கம் அண்ணன்' என்று கேட்டால் மாடம்பாக்கம் வரை வழி சொல்வார்கள்.

அவர் வைத்தியம் பார்ப்பது ஒரே ஒரு வியாதிக்கு. மெதுவாகப் போகும்போது குலுக்கிக் குலுக்கித் திக்குகிற பைக். "எஞ்சின், பஞ்சர்லாம் எதிர் கடை சார்" என்று மற்றவர்களைக் கை காட்டி அனுப்பிவிடுவார். பரிசோதனை முறையும் ஒன்றே. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நம் பின்னால் ஏறுவார். ஒரு நீளத் துண்டால் தன் இடுப்பையும் நம் இடுப்பையும் சேர்த்து முடிச்சுப் போடுவார். "இருபதுலயே போ சார்" என்று சொல்லிக் கண்ணை மூடுவார். ஏரிக்கரையில் ஒரு சுற்று வருவதற்குள் அவர் தூங்கிவிட்டால் வண்டி குணமாகிவிட்டது. தூங்காவிட்டால் மறுபடி கடைதான்.

புதிதாக வந்த ஒரு பேங்க் அதிகாரிக்கு இந்த விவரம் தெரியாது. பாதி வழியில் முதுகில் பொத்தென்று ஒரு ஹெல்மெட் சாய்ந்தது. கூப்பிட்டார், பதில் இல்லை. இறங்கிப் பார்க்கலாமென்றால் துண்டு விடவில்லை. பதறிப்போய் நேராக ஒரு கிளினிக் வாசலுக்கு ஓட்டிப்போய் ஹாரனை அழுத்தினார். டாக்டர் ஓடிவந்து, வண்டியில் வைத்தே நாடி பார்த்தார். இமையைப் பிரித்து டார்ச் அடித்தார்.

அண்ணன் விழித்துக்கொண்டு, அதிகாரியின் தோளைத் தட்டினார். "வண்டி சூப்பரா கீது சார். இன்னாத்துக்கு நிறுத்துன?"

என் கதைக்கு வருகிறேன். அப்போது எனக்கும் நந்தினிக்கும் கல்யாணமாகி இரண்டு மாதம். பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம். இருவருக்கும் சிறுசேரியில் வேலை, வேறு வேறு கம்பெனி. வீட்டில் லேப்டாப்பும் சொந்தக்காரர்களும் எங்களைப் பேச விடவில்லை. மிச்சமிருந்த ஒரே இடம், காலையில் ஆபீஸ் போகும் என் பைக்.

அதுவும் விடவில்லை. மேடவாக்கம் நெரிசலில் ஆக்சிலேட்டரை மயிரிழை திருப்பினால் பாயும். மயிரிழை விட்டால் முட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு தடவையும் அவள் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் வந்து மோதும்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு..."

டொக்.

"என்னது?"

"இல்ல, முதல் நாள்லேருந்தே..."

டொக்.

ஒருநாள், "நாளையிலேருந்து நான் கம்பெனி பஸ்ல போயிக்கறேங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். மரியாதையாகச் சொன்னாள்.

மறுநாள் மேடவாக்கத்தில் எனக்குப் பக்கத்தில் அந்த பஸ் ஊர்ந்தது. ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்து, அவள் ஏதோ கனவில் இருந்தாள். கண்ணாடியில் மரங்களும் மேகங்களும் அவள் முகத்தின்மேல் நழுவிப் போய்க்கொண்டிருந்தன. அந்தக் கனவில் நான் இருக்கிறேனா என்று கேட்க வழியில்லை. சனிக்கிழமை விடிந்ததும் தூக்கம் அண்ணனிடம் போனேன்.

அன்றைக்கு ஆக்சிலேட்டர் கேபிளில் இருந்த தொய்வை எடுத்தார். ஒரு சுற்று போனோம். தூங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை செயினைச் சரிசெய்து, பின் சக்கரத்துக்குள் நைந்துபோயிருந்த ரப்பர்களை மாற்றினார். போனோம். பின்னாலிருந்து ஒரு கொட்டாவி வந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் கொட்டாவியோடு சரி. மூன்றாவது சனிக்கிழமை, எஞ்சினுக்குள் காற்று போகிற வழியையெல்லாம் கழுவித் துடைத்தார். அப்போதும் என் முதுகில் யாரும் சாயவில்லை.

"வண்டில ஒண்ணியும் இல்ல சார். ஆனா தூக்கம் வர்ல. பேஜாரா கீது" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

நான் வீட்டுச் சாவியைப் பாக்கெட்டிலேயே கொண்டுவந்திருந்ததால், அதைத் தேடிக்கொண்டு நந்தினி அங்கே வந்து சேர்ந்தாள். அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"வண்டி ஓட்டுவியாமா?"

"காலேஜ்ல ஓட்டியிருக்கேன்ணா."

"சாரைப் பின்னால வச்சிக்கினு ஒரு ரவுண்டு போய்ட்டு வா." தன் ஹெல்மெட்டை அவளிடம் நீட்டினார்.

ஏரியில் காலை வெயில் உடைந்து உடைந்து மிதந்தது. வண்டி ஓடுவதாகவே தெரியவில்லை. கரைதான் எங்களைக் கடந்து மெல்லப் போய்க்கொண்டிருந்தது. பள்ளம் வந்தது, வேகத்தடை வந்தது, நடுத்தெருவில் படுத்திருந்த மாடு வந்தது. எங்கள் ஹெல்மெட்டுகளுக்கு நடுவே இருந்த இரண்டு விரல் இடைவெளி அப்படியே இருந்தது.

"எப்படி நந்தினி?"

"நீங்க ஹேண்டில்பாரை எதிரியோட கழுத்து மாதிரி பிடிக்கறீங்க. பள்ளத்துல நீங்க குலுங்கினா கையும் குலுங்குது, ஆக்சிலேட்டர் தானா திரும்பிடுது. கட்டை விரலைச் சுவிட்ச் பெட்டி மேல ஊணிக்கிட்டு, மத்த விரலையெல்லாம் லூசா விடுங்க."

"இது உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"முதல் நாள்லேருந்தே."

"சொல்லியிருக்கலாமே!"

"அதைத்தாங்க சொல்ல வந்தேன். ஒவ்வொரு தடவையும் டொக்."

கடைக்குத் திரும்பியதும் அண்ணன் என் பின்னால் ஏறினார். கட்டை விரலை ஊன்றினேன். கையைத் தளர்த்தினேன். இரண்டாவது திருப்பம் வருவதற்குள் என் முதுகில் அந்த ஹெல்மெட் வந்து அழுந்தியது. பரீட்சையில் பாஸானபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் ஒரு சீட் காலியாகப் போயிற்று. மேடவாக்கம் தாண்டுவதற்குள் எனக்கு நந்தினியைப் பற்றி ஏகப்பட்ட விஷயங்கள் தெரிந்தன. தினமும் எழுந்ததும் நான் ஆசையாகப் போட்டுக் கொடுத்த காபி அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது என்பது அவற்றில் ஒன்று.

நன்றி சொல்ல இருவருமாக அண்ணனிடம் போனபோது நந்தினி கேட்டுவிட்டாள். "ஏண்ணா, நீங்க வீட்ல தூங்கவே மாட்டீங்களா?"

"எங்கமா தூங்கறது? பொழிச்சலூர்ல வூடு. கண்ண மூடுனா தலை மேல ப்ளேன் போய்க்கினே கீது. பொண்டாட்டி புள்ளைங்கல்லாம் பழகிக்கினாங்கோ. எனக்குதான் இந்தப் பாழாப்போன காது பழகல." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண்கள் மட்டும் சிவந்திருந்தன.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு சனிக்கிழமையும் தவறவிட்டதில்லை. "அண்ணா, மறுபடியும் ஜெர்க் அடிக்குது" என்று நந்தினி முகம் மாறாமல் சொல்வாள். அண்ணன் நெற்றியைச் சுருக்கி, "இன்னாடா இது, ராவடி புடிச்ச வண்டியா கீது" என்று முணுமுணுத்தபடி என் பின்னால் ஏறுவார். வண்டியில் ஒரு குறையும் இல்லை. கடை கண்ணில் படும்போதெல்லாம், அவர் விழித்துவிடாதபடி மெல்லத் திருப்பி, ஏரிக்கரையில் இன்னொரு சுற்று போகிறேன்.