கோட்டோடு கடலில் நின்றவர்

சாம்பார் வாளி தம்புசாமியின் மடியில் கவிழ்ந்தபோது ரயில் சிரம்பானைக்கூடத் தொடவில்லை.

மூடி சரியாக மூடவில்லை. வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. அவ்வளவுதான். கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் கட்டியிருந்த வெள்ளை வேட்டியில் இடுப்புக்குக் கீழே எல்லாம் மஞ்சள். ஒரு முருங்கைக்காய்த் துண்டு முழங்காலில் போய் உட்கார்ந்துகொண்டது.

தம்புசாமி வாயைத் திறந்தார்.

அந்த வாய் திறந்தால் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாலு வீடு தள்ளி இருக்கிற கோழிகூட ஓடிப் பதுங்கும். கூட்ஸ் ஷெட்டில் அவர் மண்டோர், அதாவது மேஸ்திரி. கூலியாட்களை அதட்டி அதட்டி வளர்ந்த தொண்டை அது. வீட்டுக்கு வந்தாலும் டூட்டி முடிந்தது என்று அதற்குத் தெரியாது.

“என்னங்க,” என்றாள் மனைவி சீதாலெட்சுமி, முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு பல்லுக்கு நடுவே. “அவங்க இந்தப் பெட்டியிலேயே இருந்தாலும் இருப்பாங்க.”

தம்புசாமி வாயை மூடிக்கொண்டார். வெளியே வராத கோபம் காது வழியாகப் போக வழி தேடியது. காது சிவந்தது.

அவர் எதையாவது உதைப்பதற்குள் மகள் தங்கமணி வாளியை அவர் காலுக்கு எட்டாத பக்கம் நகர்த்தி வைத்தாள். இன்னொரு கையால் ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டினாள். இந்த வேலையை அவள் பேசத் தெரியாத வயசிலிருந்து செய்துகொண்டு வருகிறாள்.

அவங்க என்றால் மாப்பிள்ளை வீட்டார். பொண்ணு பார்க்கத்தான் இந்தப் பயணம். ஆனால் பார்ப்பதற்கு உல்லாசப் பயணம் மாதிரி இருக்க வேண்டும்.

ஏற்கெனவே இரண்டு இடம் வந்தது. முதல் இடத்தில் மாப்பிள்ளையின் மாமா, “ரயில்வேக்காரனுக எப்ப நேரத்துக்கு வண்டி விட்டானுக” என்று விளையாட்டாகச் சொன்னார். தம்புசாமி அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். இரண்டாவது இடத்தில் காப்பியில் சீனி கம்மி என்றார்கள். காப்பி சுவரில் இருந்தது. டம்ளர் தெருவில் கிடந்தது. நல்ல வேளை, பித்தளை டம்ளர். தம்புசாமி வீட்டில் பீங்கான் சாமான் எல்லாம் எப்போதோ காலி. இப்போது எனாமலும் பித்தளையும்தான். எறிந்தால் நெளியும், உடையாது.

அதற்கப்புறம் யாரும் அந்தத் தெருவுக்குள்ளேயே வரவில்லை. தரகர் சின்னையாதான் இந்த யோசனையைச் சொன்னார்.

“வீட்டுல வெச்சுப் பாத்தா வம்புண்ணே. ஞாயித்துக்கெழம எல்லாரும் போர்ட்டிக்சனுக்குக் கடல் பாக்கப் போறாங்க. நீங்களும் போங்க. அவங்களும் கிள்ளான்லேர்ந்து வருவாங்க. ஒருத்தர ஒருத்தர் தெரியாத மாதிரி பக்கத்துல உக்காருங்க. புடிச்சா பேசுவோம். புடிக்கலியா, அவங்க கடல் பாத்தாங்க, நீங்களும் கடல் பாத்தீங்க. யாருக்கும் அசிங்கம் இல்ல.”

தம்புசாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“சொத்து சொகம் எதுவும் கேக்கல. மாப்பிள்ள சாதுவா இருக்கணும். என்னை மாதிரி ஒருத்தனுக்கு எம்பொண்ண நான் குடுக்க மாட்டேன்.”

“வாசுவா? தோட்டத்துல கணக்கு எழுதுற கிராணி வேலை. வாயில வெரல வெச்சா கடிக்கத் தெரியாதுண்ணே,” என்றார் சின்னையா. “நீங்க மட்டும் அன்னைக்கு ஒரு நாள் வாயத் தெறக்காம இருந்தா போதும்.”

இருப்பதாகத் தம்புசாமி சொன்னார். மகள் தலையில் கை வைத்துச் சொன்னார். அதனால்தான் சாம்பாரோடு உட்கார்ந்திருக்கிறார்.

“வேட்டியத் திருப்பிக் கட்டுங்க. கறை பின்னால போயிரும்,” என்றாள் சீதாலெட்சுமி.

சிரம்பானில் வண்டி மாறும்போது திருப்பிக் கட்டினார். கறை பின்னால் போனது. பின்னால் வந்த வெள்ளைக்காரக் குழந்தைகள் அதைப் பார்த்துச் சிரித்தன. ஆயா அவற்றை வேறு பக்கம் திருப்பினாள். தம்புசாமி பல்லைக் கடித்த சத்தம் சீதாலெட்சுமிக்குக் கேட்டது.

போர்ட்டிக்சனில் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. கடற்கரை முழுக்கக் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். சவுக்கு மர நிழலில் பாயை விரித்து, பானையை இறக்கி, வீட்டையே தூக்கிக்கொண்டு வந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். தங்கமணியும் ஒரு மரத்தடியில் பாய் விரித்தாள்.

“அவங்க வர நேரம் இருக்குங்க,” என்றாள் சீதாலெட்சுமி. “இடுப்பளவு தண்ணியில எறங்கி, உள்ளேயே வேட்டிய அவுத்து அலசிக் கட்டிக்கிட்டு வந்துருங்க. யாருக்குத் தெரியப் போவுது.”

“கோட்டு?”

“கோட்டையும் தலைப்பாவையும் கழட்டுனா திரும்ப மாட்ட நேரமாவும். அதான் இடுப்புக்கு மேல தண்ணி வராதே.”

அது சரியாகத்தான் பட்டது. கறுப்புக் கோட்டும் சரிகைத் தலைப்பாகையுமாகத் தம்புசாமி கடலில் இறங்கினார். பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரர் அவருக்கு மரியாதையாக வழிவிட்டார்.

வேட்டியை அவிழ்த்தார். அலசினார். கறை போகவில்லை. இன்னும் கொஞ்சம் தேய்த்தார். சாம்பார் மஞ்சள் கடலுக்கு அஞ்சுகிற மஞ்சள் இல்லை. கோபத்தில் வேட்டியை ஓங்கித் தண்ணீரில் அடித்தார். இரண்டாவது அடியில் கை நழுவியது.

கடல் வடிந்து பின்வாங்கிக்கொண்டிருந்த நேரம். வேட்டி விரிந்து, காற்றை வயிற்றில் வாங்கிக்கொண்டு, ஒரு பாய்மரக் கப்பல் மாதிரி ஆடம்பரமாகச் சுமத்ராவைப் பார்த்துப் புறப்பட்டது.

தம்புசாமி இரண்டு எட்டு துரத்தினார். தண்ணீர் கோட்டுப் பைக்குள் வந்தது. நின்றுவிட்டார். மேலே கோட்டு, தலைப்பாகை. கீழே முழங்கால்வரை ஒரு டவுசர். கரையில் ஊர்ப்பட்ட ஜனம்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவர்கள் வந்தார்கள்.

சின்னையா முன்னால் வந்தார். பின்னால் குடை நிழலில் ஒரு வாட்டசாட்டமான அம்மாள். அதுதான் மாப்பிள்ளையின் தாயார் வள்ளியம்மா. குடையைப் பிடித்திருந்தது அவள் இல்லை, அவள் மகன் வாசு. சிவப்பாக, மெலிவாக, தலை நிமிராமல் நடந்து வந்தான். ஒரு கையில் காயத்துக்குக் கட்டு. அம்மாவைப் பாயில் உட்கார வைத்துவிட்டு, அவள் மேல் வெயில் படாமல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உட்காரக்கூட இல்லை.

தண்ணீரில் நின்ற தம்புசாமியின் மனசு குளிர்ந்தது. சாது என்றால் இதுதான் சாது.

பாய்க்கும் தண்ணீருக்கும் தூரம் அதிகம் இல்லை. பேச்செல்லாம் காதில் விழுந்தது.

“கையில என்ன தம்பி காயம்?” என்று சீதாலெட்சுமி கேட்டாள்.

“கதவுல பட்டுருச்சுங்க,” என்றாள் வள்ளியம்மா சட்டென்று. நெளிசல் விழுந்த ஒரு பித்தளைத் தூக்கைத் திறந்தபடி பேச்சை மாற்றினாள். “இட்டிலி எடுத்துக்குங்க. பீங்கான் தட்டெல்லாம் எங்க வீட்டுல வெச்சுக்கிறதில்ல. நிக்காது.”

“எங்க வீட்டுலயுந்தான்,” என்றாள் சீதாலெட்சுமி.

பிறகு வள்ளியம்மா கண்ணுக்குமேல் கையை வைத்துக் கடலைப் பார்த்தாள்.

“ஏன் சின்னையா, கோட்டு போட்டுக்கிட்டுத் தண்ணியில நிக்கிறாரே, அவரு யாரு?”

சின்னையா திரும்பினார். தம்புசாமியைப் பார்த்தார்.

“அதுவா... யாரோ கொஞ்சம் மூளை கலங்குனவருங்க. இந்தப் பக்கம் தெனம் வருவாரு.”

“பொண்ணோட அப்பா?”

“அவருக்குத் திடீர்னு டூட்டி வந்திருச்சு. கூட்ஸ் வண்டி கவுந்துருச்சாம். வர முடியல லா.”

தம்புசாமிக்கு மண்டைக்குள் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. பைத்தியம் என்றது பரவாயில்லை. அவர் மண்டோராக இருக்கிற வரைக்கும் எந்த வண்டி கவிழ்ந்தது? ஆனாலும் டவுசரோடு வெளியே வர முடியாது. தண்ணீரோ வடிந்துகொண்டே போனது. இடுப்பில் இருந்தது தொடைக்கு இறங்கியது. அவர் பின்னால் பின்னால் நகர்ந்தார். கடலும் அவரை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தது.

“அந்தப் பைத்தியம் நம்மளையே மொறைக்குதே,” என்றாள் வள்ளியம்மா.

“பாக்காதீங்க. பாத்தா வந்துரும்,” என்றார் சின்னையா.

அப்போது தங்கமணி எழுந்தாள். கரையோரம் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ஜபருல்லாவிடம் போய் ஏதோ சொன்னாள். அவர் கடைக்குப் பின்னால் கொடியில் காய்ந்த தன் மனைவி மைமூனின் கைலியை உருவிக் கொடுத்தார்.

“இதுதாம்மா காஞ்சிருக்கு. அப்பாவ ஒண்ணும் நெனச்சுக்க வேணாம்னு சொல்லு.”

ரத்தச் சிவப்பில் கைலி. அதில் கை அகலத்துக்குப் பூ. பூவுக்குப் பூ ஒரு கிளி.

தங்கமணி அதைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி அப்பாவிடம் கொடுத்தாள். திரும்பிப் போய்ப் பாயில் இருந்த வாளி, தூக்கு, கூஜா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். கீழே கிடந்த ஒரு தென்னை மட்டையை எடுத்துப் பாய் ஓரம் கைக்கு வாகாகப் போட்டாள். வள்ளியம்மா இட்டிலியை மெல்வதை நிறுத்திவிட்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்புசாமி கரையேறினார். மேலே கோட்டு, கீழே கிளி.

“யாருய்யா பைத்தியம்?”

சவுக்கு மரத்துக் காக்கை எல்லாம் பறந்தது.

“அண்ணே, மெதுவா—” என்றார் சின்னையா.

“என் ஷெட்டுல எந்த வண்டிய்யா கவுந்துச்சு? சொல்லு. எந்த வண்டி? பெத்த அப்பன் நெஞ்சளவு தண்ணியில நிக்கிறேன், டூட்டிக்குப் போயிட்டானாம்.” மனைவி பக்கம் திரும்பினார். “உன்ன யாரு சாம்பார் கொண்டாரச் சொன்னா? கடல் பாக்க வரவளுக்கு சாம்பார் எதுக்கு? கடல்ல கரைக்கவா?” கடல் பக்கம் திரும்பினார். “நீயெல்லாம் ஒரு கடலா? ஒருத்தன் நம்பி எறங்குனா இடுப்புல இருக்கிறத உருவிக்கிட்டுப் போறியே. வெக்கமா இல்ல ஒனக்கு?”

கடல் பதில் சொல்லவில்லை. அது அவர் கோபத்தை இன்னும் ஏற்றியது. வாளி இருந்த இடத்தை ஓங்கி உதைத்தார். அங்கே மணல்தான் இருந்தது. எறிவதற்கு எதையாவது தேடிக் கை அலைந்தது. தென்னை மட்டை அகப்பட்டது. எறிந்தார். அது சின்னையாவின் காதை ஒட்டிப் போய்த் தண்ணீரில் விழுந்தது.

தங்கமணி அசையாமல் நின்றாள். பயப்படவும் இல்லை, அழவும் இல்லை. மட்டை தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டதும், அதற்காகவே காத்திருந்த மாதிரி, ஒரு கிளாஸ் தண்ணீரை எடுத்துக் கொடுத்தாள்.

“குடிங்கப்பா.”

குடித்தார். குடித்ததும் கண் தெளிந்தது. சுற்றிப் பார்த்தார். கடற்கரையே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாசு குடையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். சின்னையா, தலை தெரியாமல் குனிந்தபடி, ஸ்டேஷன் பக்கம் வேகமாக நடந்துகொண்டிருந்தார்.

மூணாவது இடமும் போச்சு. தலையில் கை வைத்துச் செய்த சத்தியமும் போச்சு.

தம்புசாமி கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வள்ளியம்மாவின் முன்னால் போய் நின்றார். அவர் குரல் இவ்வளவு கீழே இறங்கும் என்று சீதாலெட்சுமிக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

“நாந்தான் பொண்ணோட அப்பன். பைத்தியம் இல்ல, கோவக்காரன். ரெண்டும் ஒண்ணுதான்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க. என்னைப் பாத்து எம்பொண்ண வேணாம்னுறாதீங்க. அதுகிட்ட இந்தக் கொணம் ஒரு சொட்டும் இல்ல. எங்கிட்ட அது பட்டதெல்லாம் போதும். போற எடத்துலயாவது தட்டு பறக்காத வீடா இருக்கணும்னுதான் தேடி அலையிறேன். உங்க பையனப் பாத்ததும் மனசு நெறஞ்சு போச்சு.”

வள்ளியம்மா எழுந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. தங்கமணியைப் பக்கத்தில் இழுத்து, தன் கொண்டையில் இருந்த பூவைக் கிள்ளி அவள் தலையில் வைத்தாள்.

“பேசி முடிச்சுக்கலாம்ணே. எத்தன ஊர் சுத்தியாச்சு, இப்படி ஒரு பொண்ணு அமையல. தூக்கு, வாளியெல்லாம் எடுத்து ஒளிச்ச நேரம் என்ன, மட்டையப் போட்ட எடம் என்ன, தண்ணி குடுத்த பக்குவம் என்ன. பாத்துக்கிட்டேதானே இருந்தேன். ஆள் விட்டுப் பழக்குனாலும் வராது.”

தம்புசாமி கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“என் கோவத்த நேர்ல பாத்தும் உங்களுக்குப் பயமா இல்லியாம்மா?”

வள்ளியம்மா மகனின் கட்டுப் போட்ட கையை ஒரு முறை பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“எனக்கு என்னண்ணே பயம், எங்க வாசு அச்சு அசல் உங்களை மாதிரியேதான்.”